கேசரிக் கையை ஒதுக்கிவைத்துச் செய்யும் செக் ரவைக் கஞ்சி: முழுமையான வழிகாட்டி

செக் நாட்டில் ரவைக் கஞ்சியை மதியச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். முதலில் ஒரு கிண்ணம் சூப். பின்னாலேயே அகலமான தட்டு நிறைய சூடான பால் ரவைக் கஞ்சி. அதன்மேல் கோகோவும் சர்க்கரையும், அதற்கும் மேலே உருக்கிய வெண்ணெய். பள்ளி உணவுக்கூடத்தில் சாப்பிட்டு வளர்ந்த எந்தச் செக்காரரைக் கேட்டாலும் இதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பார். இரண்டாம் தட்டு கேட்டவர்களும் உண்டு, பார்த்தாலே முகம் சுளித்தவர்களும் உண்டு. அங்கே அதன் பெயர் க்ருபிட்சொவா காஷெ. இனிமேல் காஷெ என்றே சொல்லிக்கொள்வோம்.

ரவை, பால், சர்க்கரை, வெண்ணெய். எல்லாம் நம் அடுப்படியில் இருப்பவைதான், தொல்லையும் அதனால்தான் வருகிறது. ரவையைக் கண்டதும் நம் கை தானாகவே நெய்யை ஊற்றி வறுக்கப் போகும், ஏலக்காயைத் தட்டும், சர்க்கரையைக் கொட்டிக் கிளறும். மூன்றையும் செய்தால் ருசியாக ஒன்று கிடைக்கும், ஆனால் அது காஷெ ஆகாது. காஷெயில் கஞ்சி தன்னளவில் சப்பென்று, வெள்ளையாக, பால் வாசனையோடு மட்டும் இருக்க வேண்டும். இனிப்பும் மணமும் கொழுப்பும் பெரும்பாலும் தட்டில் மேலே விழுபவை. சப்பென்ற அடியும் அடர்த்தியான மேல்பகுதியும் வாயில் சேரும்போதுதான் இதன் ருசி. உள்ளேயே எல்லாவற்றையும் கலந்துவிட்டால் முதல் கரண்டியும் கடைசிக் கரண்டியும் ஒரே மாதிரி இருக்கும், பாதித் தட்டிலேயே திகட்டிவிடும்.

மதியத்தில் இனிப்பா?

செக் சமையலில் இனிப்புச் சாப்பாடு என்றே ஒரு தனி வகை இருக்கிறது. பிளம், ஆப்ரிகாட் போன்ற பழங்களை உள்ளே வைத்து அவித்த மாவுருண்டைகள், வெனிலா சாஸில் மிதக்கும் குட்டி பன்கள், ஆப்பிளும் பழைய ரொட்டியும் அடுக்கிச் சுட்டது, அரிசிப் பால் கஞ்சி, அப்புறம் இந்த ரவைக் கஞ்சி. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்பு என்று இவற்றை நினைக்கக்கூடாது. இவையேதான் சாப்பாடு. கத்தோலிக்க நாடாக நெடுங்காலம் இருந்ததால் வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் இறைச்சி விலக்கிய நாட்கள். மாவும் பாலும் அந்த நாட்களில் வயிற்றை நிரப்பின. வழக்கம் அப்படி வேர்விட்டது, விரதம் விட்டுப்போன வீடுகளிலும் தட்டு மட்டும் நின்றுவிட்டது.

ரவை அங்கே பழைய தானியம் அல்ல. அதற்கு முன்னால் நாட்டுப்புறத்தில் கஞ்சி என்றால் பெரும்பாலும் பனிவரகுக் கஞ்சிதான். நம்மூர்ச் சிறுதானியக் கடைகளில் கிடைக்கும் அதே பனிவரகு. கோதுமையை ஒரே சீரான குருணையாக உடைத்துச் சலித்தெடுக்க நல்ல ஆலை வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளை ஆலைகள் பரவிய பிறகுதான் சீரான, மலிவான ரவை எல்லார் வீட்டுக்கும் வந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, போலந்து, ஸ்லோவாக்கியா என்று அந்தப் பக்கத்து நாடுகள் எல்லாவற்றிலும் இதன் உறவுக்காரக் கஞ்சி ஒன்று இருப்பதால், யாருக்குச் சொந்தம் என்று வழக்குப் போடுவதில் அர்த்தமில்லை. செக் தட்டின் அடையாளம் மேலே விழும் கோகோவும் வெண்ணெயும்.

இன்றைய செக் பள்ளிகளில் இது நினைத்த நாளெல்லாம் வருவதில்லை. பள்ளி உணவு பற்றிய 2005ஆம் ஆண்டு ஆணை, இறைச்சி, மீன், பால், காய்கறி, பருப்பு வகை, சர்க்கரை என்று வகைவாரியாக ஒரு மாணவருக்கு எவ்வளவு போகிறது என்று கணக்கு வைக்கச் சொன்னது. காஷெ நாளில் முன்னால் வரும் சூப் பருப்போ காய்கறியோ போட்டுக் கொஞ்சம் கனமாக இருப்பது வழக்கம். வீட்டில் செய்யும்போதும் இந்த ஜோடியைப் பின்பற்றலாம். காரமில்லாத பருப்பு சூப் ஒரு கிண்ணம் முதலில் போனால், பின்னால் வரும் இனிப்புத் தட்டு உடம்புக்கும் நாக்குக்கும் இதமாக அமையும்.

எந்த ரவை?

செக் கடையில் இரண்டு விதம் கிடைக்கும். ஒன்று கொரகொரப்பான ரவை. அது சூப்பில் போடும் ரவை உருண்டைகளுக்கும் வேறு மாவுப் பண்டங்களுக்கும். இன்னொன்று குழந்தை ரவை என்ற பெயரில் விற்கும் பொடி ரவை. காஷெக்கு இதுதான். விரலில் எடுத்துத் தேய்த்தால் குருணை தெரியும், ஆனால் மாவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

நம் கடையில் இதற்கு மிக நெருக்கமானது சிரோட்டி ரவை. அது கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். கிடைக்கவில்லை என்றால் சாதாரண வெள்ளை ரவையை மிக்ஸியில் போட்டு இரண்டே இரண்டு முறை விட்டு விட்டுச் சுற்றி எடுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் மாவாகிவிடும். மாவு அதிகமானால் கஞ்சி பசை பிடித்து வழுவழுவென்று ஆகும். அரைக்காத பம்பாய் ரவையிலும் செய்யலாம்தான். வேக நேரம் கூடும், வாயில் குருணை தட்டும். அதைப் பிடித்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள்.

வறுத்த ரவை என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். உப்புமாவுக்கு ரவையை வறுப்பது பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக நிற்பதற்காக. காஷெயில் நமக்கு வேண்டியது நேர் எதிர். ஒவ்வொரு குருணையும் பாலைக் குடித்து உப்பி, பக்கத்துக் குருணையோடு சேர்ந்து ஒரே கூழாக வேண்டும். வறுத்தால் அந்த இழுக்கும் தன்மை குறையும், நிறமும் மங்கும், வறுத்த வாசனை பாலை அமுக்கிவிடும். பச்சை ரவையில் இருக்கும் ஒரே தொல்லை வண்டு. வாங்கியதும் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் தீர்ந்தது.

சம்பா ரவை இதற்குச் சரிப்படாது. தவிடும் பழுப்பு நிறமும் சேர்ந்து வேறு பண்டமாகிவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: இத்தாலியக் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் ரவை, பாஸ்தா செய்யும் கெட்டிக் கோதுமையினுடையது. வேக அதிக நேரம் எடுக்கும், முழுசாகக் கூழாகாது. போலந்து, ரஷ்யக் கடைகள் அருகில் இருந்தால் அங்கே கிடைக்கும் வெள்ளைப் பொடி ரவையை வாங்குங்கள். கோதுமையே ஆகாதவர்கள் சோளக் குருணையில் செய்யலாம். நிறமும் ருசியும் மாறும், முறை மாறாது.

பாலும் வெண்ணெயும்

செக் கடைகளில் கொழுப்பு நீக்காத பால் என்றால் 3.5 சதவீதம் கொழுப்பு, பாதி நீக்கியது என்றால் 1.5 சதவீதம். காஷெக்கு 3.5தான் பலருடைய தேர்வு. இந்தியாவில் டோன்டு பால் 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, ஃபுல் க்ரீம் 6. டோன்டு பாலே போதும். ஃபுல் க்ரீமில் செய்தால் மேலே ஊற்றும் வெண்ணெய்க்கு வேலையே இல்லாமல் போய்விடும். அது மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால் மூன்று பங்கு பாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். பாலும் தண்ணீரும் சமமாக விட்டுச் செய்வதும் உண்டு. வயிற்றுக்கு இலேசு, ருசி ஒரு படி கீழே.

பாதாம் பாலில் செய்தால் நீர்த்த ருசி வரும். மாட்டுப்பால் வேண்டாம் என்பவர்களுக்கு ஓட்ஸ் பால்தான் நல்ல மாற்று. தேங்காய்ப் பாலில் செய்தால் அருமையாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். இருக்கும். ஆனால் அது வேறு கஞ்சி.

வெண்ணெய் உப்பில்லாததாக இருக்கட்டும். நம் கடைகளில் மேசை வெண்ணெய் என்று விற்பது பெரும்பாலும் உப்புப் போட்டது. அதைத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் கஞ்சியில் உப்பைத் தவிர்த்துவிடுங்கள். நெய்யை ஊற்றலாமா? நெய் காய்ச்சியது, அதன் மணம் ஓங்கி நிற்கும். ஊற்றிய கணத்திலேயே தட்டு கேசரியின் பக்கம் சாய்ந்துவிடும். வெண்ணெயில் இருக்கும் சிறிதளவு நீரும் பால்சத்தும் கோகோ சர்க்கரையை இளக்கிக் குழம்பாக்குகின்றன. நெய்யால் அது முடியாது.

அளவு

பெரியவர்கள் மூன்று பேர் வயிறாரச் சாப்பிட:

பால் 1 லிட்டர்
பொடி ரவை 110 கிராம் (மேசைக்கரண்டியில் தலை தட்டி 10 அல்லது 11)
உப்பு 2 சிட்டிகை
சர்க்கரை 1 மேசைக்கரண்டி
கஞ்சிக்குள் போட வெண்ணெய் 15 கிராம்
மேலே ஊற்ற வெண்ணெய் 50 கிராம்
கோகோ தூள் 2 மேசைக்கரண்டி, பொடித்த சர்க்கரை 4 மேசைக்கரண்டி

ஒருவருக்கு மட்டும் என்றால் 350 மில்லி பாலுக்கு 40 கிராம் ரவை. எடை போடும் தராசு இருந்தால் அதையே நம்புங்கள். ரவையின் பொடித்தனத்தைப் பொறுத்துக் கரண்டி அளவு ஏமாற்றும். 100 கிராமுக்குக் கீழே போனால் குடிக்கும் கஞ்சி, 130ஐத் தாண்டினால் தட்டில் மலைபோல் நிற்கும் களி. செக் வீடுகளிலேயே இந்த இரண்டுக்கும் நடுவில் கட்சி பிரிந்து கிடக்கிறது, 110 நடுவழி. இந்த அளவில் ஒரு தட்டுக்குச் சுமார் 15 கிராம் புரதம் கிடைக்கும், பெரும்பகுதி பாலிலிருந்து. சாப்பாடு என்று அவர்கள் சொல்வது சும்மா இல்லை.

செய்முறை

அடிகனமான, அகலமான பாத்திரம் எடுங்கள். ஒரு லிட்டர் பாலுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் கொள்ள வேண்டும். பால் பொங்கும்போது இடம் தேவை. செக் நாட்டுப்புறக் கதை ஒன்றில், சமைப்பதை நிறுத்தத் தெரியாத ஒரு மாயப் பானையிலிருந்து கஞ்சி பொங்கி வழிந்து தெருவெல்லாம் நிறைந்துவிடும். வயலிலிருந்து திரும்பும் குடியானவர்கள் கஞ்சியைத் தின்றே வழி உண்டாக்கிக்கொண்டு ஊருக்குள் நுழைவார்கள். நம் அடுப்பைத் துடைக்க அப்படி யாரும் வரமாட்டார்கள்.

பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் அந்த ஈரத்தோடு பாலை ஊற்றுங்கள். பால் அடிபிடிப்பதை இது குறைக்கும் என்பது அங்கேயும் பழைய கைமுறை, நம் வீடுகளிலும் பழைய கைமுறை. பாலைச் சூடாக்கும்போது அதிலுள்ள புரதத்தில் ஒரு பகுதி அடியில் படிந்து ஒட்டிக்கொள்ளும், அதுவே முதலில் கருகும். உப்பையும் ஒரு மேசைக்கரண்டிச் சர்க்கரையையும் சேர்த்து மிதமான தீயில் வையுங்கள். வெனிலா பிடித்தால் சில துளி விடலாம், எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியைச் சிறிதளவு துருவிப் போடுவதும் உண்டு. இரண்டும் கட்டாயம் இல்லை. ஏலக்காய் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

பால் கொதிக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஓரத்தில் சின்னக் குமிழிகள் வந்து ஆவி எழும்பியதும் தீயைக் குறையுங்கள். இப்போதுதான் ரவை. ஒரு கையில் விஸ்க், இன்னொரு கையில் ரவைக் கிண்ணம். விஸ்க் இல்லையென்றால் மத்து. பாலை விடாமல் சுழற்றிக்கொண்டே ரவையை மெல்லிய தாரையாக, உயரத்திலிருந்து தூவ வேண்டும். 110 கிராமும் உள்ளே போக ஒரு நிமிடமாவது ஆக வேண்டும், அவசரப்பட்டால் கட்டி தட்டும். கட்டி எப்படி உண்டாகிறது தெரியுமா? கோதுமை மாவுச்சத்து 60 டிகிரியைத் தாண்டினாலே உப்பத் தொடங்கும். ஒரு பிடி ரவை ஒரே இடத்தில் விழுந்தால் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி உறைபோல மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ரவைக்குப் பால் போய்ச் சேர வழியில்லை. அப்புறம் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் உள்ளே பச்சையாகவே கிடக்கும்.

இந்தத் தூவலில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. குளிர்ந்த பாலிலேயே ரவையைக் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு, பிறகு அடுப்பில் வைத்துத் தொடக்கம் முதலே கிளறுவது. கட்டி தட்ட வாய்ப்பே இல்லை. ஆனால் ரவை அடியில் படிந்துகொண்டே இருக்கும் என்பதால் முதல் நிமிடத்திலிருந்து அடுப்பை விட்டு நகர முடியாது. புதிதாகச் செய்பவர்களுக்கு இதையே சொல்வேன். பழகியவர்கள் சூடான பாலில் தூவட்டும், அதில் கஞ்சி கொஞ்சம் இலகுவாக வரும்.

ரவை முழுவதும் உள்ளே போனதும் விஸ்க்கை வைத்துவிட்டு, நீளக் கைப்பிடியுள்ள தட்டையான மரக்கரண்டிக்கு மாறுங்கள். வட்டமாகச் சுற்றுவதைவிட அடியைச் சுரண்டியபடி முன்னும் பின்னும் தள்ளுவது நல்லது, மூலைகளை மறக்காமல். தீ சிறியதாக இருக்கட்டும். பொடி ரவை 5 முதல் 7 நிமிடத்தில் வெந்துவிடும், சாதாரண ரவைக்கு 10 முதல் 12. நடுவில் மேற்பரப்பில் பெரிய குமிழி எழுந்து பட்டென்று வெடிக்கும், கையில் தெறித்தால் பொத்துவிடும். நீளக் கைப்பிடிக் கரண்டியைச் சொல்வது அதற்காகத்தான்.

மூன்றாவது நிமிடத்தில் உங்களுக்கு ஒரு சபலம் வரும். கஞ்சி தண்ணீராக இருக்கிறதே, இன்னும் இரண்டு கரண்டி ரவை போடலாமா என்று தோன்றும். போடாதீர்கள். ரவை பாலை மெதுவாகத்தான் இழுக்கும், அடுப்பை அணைத்த பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கும்போது தோசை மாவுப் பதத்தில் இருந்தால் தட்டில் சரியாக இருக்கும். அடுப்பிலேயே தட்டுக்கேற்ற கெட்டி வந்துவிட்டால், சாப்பிட உட்காருவதற்குள் வெட்டி எடுக்க வேண்டியதுதான். இந்தக் கஞ்சி கெட்டுப்போகும் வீடுகளில் பத்தில் எட்டு இந்த இடத்தில்தான் கெடுக்கின்றன என்பது என் ஊகம்.

வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரே வழி, ஒரு துளி எடுத்து ஆற்றி நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்துவது. மணல் மாதிரி நெருடினால் இன்னும் இரண்டு நிமிடம். நெருடாமல் கரைந்தால் அடுப்பை அணைத்து, 15 கிராம் வெண்ணெயைப் போட்டுக் கலந்து, மூடிபோட்டு மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். மூடி முக்கியம். திறந்து வைத்தால் மேலே ஆடை கட்டும். காப்பியில் விழும் பாலாடையைக் கண்டு ஓடும் குழந்தைகள் நம்மூரில் இருப்பதுபோல், கஞ்சியாடையை வெறுக்கும் குழந்தைகள் செக் நாடு முழுக்க உண்டு.

தட்டில் போடுவது

கிண்ணம் வேண்டாம். குழிவான அகலத் தட்டு எடுங்கள். காரணம் எளிது: பரப்பு அதிகமானால் மேலே தூவ இடம் அதிகம், ஒவ்வொரு வாய்க்கும் கோகோ கிடைக்கும். கிண்ணத்தில் போட்டால் முதல் நான்கு கரண்டியோடு கோகோ தீர்ந்து அடியில் வெறும் வெள்ளைக் கஞ்சி மிஞ்சும். தட்டில் ஊற்றி, மெதுவாக ஆட்டி, மட்டமாகப் பரவவிடுங்கள்.

கோகோவையும் பொடித்த சர்க்கரையையும் முன்னமே கலந்து சலித்து வைத்திருக்க வேண்டும். கஞ்சி சூடாக இருக்கும்போதே சிறு வடிகட்டியால் மேலே முழுக்கத் தூவுங்கள். பிறகு உருக்கிய வெண்ணெயைக் கரண்டியால் கோடு கோடாக ஊற்றுங்கள். வெண்ணெய் விழுந்த இடத்தில் கோகோ கருத்துப் பளபளப்பாகும், விழாத இடத்தில் தூளாகவே நிற்கும். இந்த இரண்டு ருசியும் வேண்டும் என்பதால்தான் கோடாக ஊற்றச் சொல்கிறேன். வெண்ணெயை முதலில் ஊற்றிப் பிறகு கோகோ தூவுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் மேற்பரப்பு முழுக்க உலர்ந்த தூளாக இருக்கும். தும்மல் வந்தால் பொறுப்பு உங்களுடையது.

கலக்காதீர்கள். சாப்பிடும்போது ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போக வேண்டும். ஓரம் முதலில் ஆறும், நடுவில் சூடு நெடுநேரம் நிற்கும். செக் அம்மாக்கள் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

மேலே என்னென்ன போடலாம்

கோகோ என்றால் அங்கே இரண்டு வழி. ஒன்று, கசப்பான தூய கோகோ தூளைச் சர்க்கரையோடு கலப்பது. செக் கடைகளில் பரவலாகக் கிடைப்பது காரத்தன்மை (அல்கலி) ஏற்றிப் புளிப்பைக் குறைத்த, டச்சு முறைக் கோகோ. நிறம் கருப்பு, ருசி மென்மை. நம் கடைகளில் கிடைக்கும் கோகோவில் சில புளிப்பாக இருக்கும், அப்படியானால் சர்க்கரையை அரைக் கரண்டி கூட்டுங்கள். இன்னொரு வழி க்ரான்கோ என்ற இனிப்புக் கோகோத் தூள். பாலில் கலந்து குடிப்பதற்காக விற்பது, குழந்தைகள் இதைத்தான் கேட்பார்கள். நம்மூர்ச் சாக்லேட் பானத் தூள்களில் பலவற்றில் மால்ட் சேர்ந்திருக்கும், ருசி வேறு பக்கம் போய்விடும். தூய கோகோவையும் சர்க்கரையையும் கலந்துகொள்வதே நல்லது.

பட்டைத்தூளும் சர்க்கரையும் அடுத்த இடம். மூன்று மேசைக்கரண்டிப் பொடித்த சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டிப் பட்டைத்தூள். பிரியாணிக்கு வாங்கும் தடித்த பட்டை காரமாக இருக்கும், இலங்கைக் கறுவா மெல்லியது, இனிமையான மணம். கறுவா கிடைத்தால் அதையே பொடியுங்கள். அதோடு வேகவைத்த ஆப்பிள் சேர்ந்தால், என்னைக் கேட்டால் கோகோவைவிட இதுவே மேல். செக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பழைய முறை என்று பார்த்தால் தேனும், துருவிய பெர்னீக்கும். பெர்னீக் என்பது தேனும் கிராம்பும் பட்டையும் சோம்பும் போட்டுச் சுடும் மசாலாக் கேக். பார்துபிட்சே நகரம் அதற்குப் பேர்போனது. காய்ந்து இறுகிய பெர்னீக்கைத் துருவிக் கஞ்சிமேல் தூவி வெண்ணெய் ஊற்றினால், தூவியது ஈரம் குடித்து மெத்தென்று ஆகும். வீட்டில் மசாலா போட்ட தேன் கேக் எதுவாவது மிஞ்சியிருந்தால் காயவைத்துத் துருவிப் பாருங்கள்.

கசகசா இன்னொன்று. செக் நாடு நீலக் கசகசா விளைச்சலில் உலகில் முன்னணியில் இருக்கும் நாடுகளில் ஒன்று, அங்கே வீடுகளில் கசகசா அரைக்கத் தனி எந்திரமே வைத்திருப்பார்கள். நம் வெள்ளைக் கசகசா அவ்வளவு மணக்காது, ஆனாலும் வெறும் வாணலியில் இலேசாகச் சூடுகாட்டிப் பொடித்துச் சர்க்கரையோடு கலந்தால் நன்றாகவே இருக்கிறது. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். அங்கே கசகசாவுக்குத் தடை. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் எண்ணமும் வேண்டாம்.

சர்க்கரைப் பாகில் போட்ட செர்ரி, பிளம், பீச் போன்ற பழங்களும் உண்டு. இவை வந்தால் கோகோ வேண்டாம், வெண்ணெய் போதும். நம்மூரில் பிளம் கிடைக்கும் காலத்தில், கொட்டை நீக்கிச் சிறிதளவு சர்க்கரையும் ஒரு துண்டுப் பட்டையும் போட்டுப் பத்து நிமிடம் வேகவைத்தால் கிட்டத்தட்ட அதே ருசி. மாம்பழம் போடலாமா என்று கேட்காதீர்கள், போடுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள்.

ஏதாவது தவறிவிட்டால்

கட்டி தட்டினால் விஸ்க்கால் அடித்துப் பார்க்கலாம், சின்னக் கட்டிகள் உடையும். பெரியவை உடையாது. சல்லடையில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து எடுப்பதே வழி. மிக்ஸியில் அடிக்க ஆசை வரும், வேண்டாம். வெந்த மாவுச்சத்தை வேகமாக அடித்தால் பசையாக இழுக்கும்.

அடி பிடித்துவிட்டால் கிளறுவதை உடனே நிறுத்துங்கள். அடியைத் தொடாமல் மேல்பகுதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி அங்கே வேகவையுங்கள். கருகலைச் சுரண்டிக் கலந்துவிட்டால் எவ்வளவு கோகோ போட்டாலும் மறையாது.

இறுகிப்போனால் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்துக் கலக்கலாம், குளிர்ந்த பால் விட்டால் துண்டு துண்டாக நிற்கும். நீர்த்துப்போனால் முதலில் ஐந்து நிமிடம் மூடிவைத்துக் காத்திருங்கள். அதற்குப் பிறகும் நீராக இருந்தால் மட்டும் ஒரு தேக்கரண்டி ரவையைக் கால் டம்ளர் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, மறுபடி ஐந்து நிமிடம் வேகவிடுங்கள்.

சில வீடுகளில் முட்டை சேர்ப்பார்கள். அடுப்பை அணைத்ததும் ஒரு மஞ்சள் கருவை வேகமாகக் கலந்து, நுரைக்க அடித்த வெள்ளைக் கருவை மெதுவாக மடித்துச் சேர்த்தால் கஞ்சி பஞ்சாக உப்பும். முட்டை முழுதாக வேகாமல் இருக்க வாய்ப்பு உண்டு. சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கும் கஞ்சியில் தேனும் கூடாது.

மிஞ்சியதை என்ன செய்வது

காஷெ ஆறினால் பாளமாக இறுகிவிடும். மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். திரும்பச் சூடாக்கிச் சாப்பிடலாம், ஆனால் அந்தப் பழைய இலகு வராது. அதைவிட நல்ல வழி செக் வீடுகளில் செய்யும் நாகிப் என்ற ஓவன் பண்டம். இரண்டு கப் ஆறிய கஞ்சி இருந்தால் இரண்டு முட்டை போதும். மஞ்சள் கருவை 30 கிராம் வெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரையோடு அடித்து, கஞ்சியை அதில் மசித்துக் கலந்து, நுரைத்த வெள்ளைக் கருவைக் கடைசியில் மடித்துச் சேர்க்க வேண்டும். ஓவன் பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, மேலே உலர்ந்த ரவையைத் தூவிச் சுற்றி உதறிவிடுங்கள், ஒட்டாது. பாதிக் கலவை, அதன்மேல் ஆப்பிள் துண்டுகள், மீதிக் கலவை. 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம், மேல்பகுதி பொன்னிறமாகும்வரை. சுட்டதும் பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள், சூட்டோடு வெட்டினால் சரிந்துவிடும்.